உயிர்க்கரி

உயிர்க்கரி என்பது மரத்துண்டு, உமி, தேங்காய்ச் சிரட்டை, பருத்திமார் போன்ற தாவரக் கழிவுகளைப் போதிய காற்று இல்லாத நிலையில் சூடேற்றிப் பெறப்படும், மண்ணில் இடுவதற்கென ஆக்கப்படும் கரி ஆகும். இது பயோசார் எனவும் அழைக்கப்படுகிறது. அடுப்புக்கரிக்கும் உயிர்க்கரிக்கும் பொருளளவில் பெரிய வேறுபாடு இல்லை. பயன்பாட்டிலேயே வேறுபாடு உள்ளது. முன்னது எரிப்பதற்கானது, பின்னது புதைப்பதற்கானது.

உயிர்க்கரி பல இடங்களில் இயற்கை உரம் என்று குறிப்பிடப்படுகிறது. இது சரியன்று. பயிர் உண்ணத்தக்க சத்து இதில் சிறிதளவே உண்டு. நீரையும், பிற எருக்களிலிருந்து வரும் சத்துக்களையும் மண்ணில் தங்கவைப்பதே இதன் பணியாகும். எனவே இதனை மண் திருத்தி என்று வகைப்படுத்துவதே பொருத்தம். எரு இன்றித் தனியே இடப்படும் கரி பல மண்களில் பயன் தருவதில்லை. சில நேரங்களில் முதற் பருவத்தில் விளைச்சலைக் குறைப்பதும் உண்டு.

உருவாகும் முறை

தாவரப் பொருளைத் திறந்த வெளியில் எரித்தால் அதிலுள்ள கரிமம் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிச் சாம்பல் மட்டுமே எஞ்சும். காற்றைக் கட்டுப்படுத்தி ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியசு வரை சூடேற்றினால் ஆவியாகக்கூடிய வளிமங்களும் தாரும் வெளியேறி, கரிமத்தின் ஏறத்தாழப் பாதி கரியாக எஞ்சும். இம்முறை வெப்பச்சிதைவு எனப்படும். மெதுவாகச் சூடேற்றும் முறையில் உலர்ந்த மூலப்பொருளின் எடையில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கரி கிடைக்கும்.

வெப்பநிலை உயர உயரக் கரியின் அளவு குறையும். அதன் நுண்துளைகளும் காரத்தன்மையும் கூடும். மூலப்பொருளில் இருந்த தழைச்சத்தின் பெரும்பகுதி வெப்பச்சிதைவின்போது ஆவியாகிவிடும், அல்லது பயிருக்குக் கிட்டாத வடிவிற்கு மாறிவிடும். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் பெரிதும் கரியிலேயே தங்கும். உமிக்கரிக்கும் உமிச்சாம்பலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கிடைக்கும் வெளிறிய சாம்பலில் கரிமம் ஏறத்தாழ முற்றிலும் எரிந்துவிட்டிருக்கும். அது பெரிதும் சிலிக்கா ஆகும்.

அமேசான் கருமண்

உயிர்க்கரி பற்றிய இன்றைய ஆர்வம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில் காணப்படும் ஒரு மண்ணிலிருந்து தோன்றியது. அமேசான் காடு செழிப்பாகத் தோன்றினாலும் அதன் மேட்டுநில மண் வளம் குன்றியது. பெருமழை சத்துக்களை அரித்துச் செல்வதால் அம்மண் மஞ்சள் நிறமும் கடும் அமிலத்தன்மையும் கொண்டு, பயிர்வேருக்கு நஞ்சாகும் அளவில் கரையும் அலுமினியத்தையும் கொண்டிருக்கும். காட்டை அழித்துப் பயிரிட்டால் சில பருவங்களிலேயே விளைச்சல் வீழ்ந்துவிடும். ஆனால் அதே நிலத்தின் நடுவே, பிரேசிலின் மனாஸ், சாந்தரெம் போன்ற நகரங்களை அண்டிய ஆற்றோரங்களில், கரியநிற வளமண் திட்டுத் திட்டாகக் காணப்படுகிறது. பெரும்பாலான திட்டுகள் சில எக்டேர் பரப்பே உடையவை; சில இடங்களில் கருமண் இரண்டு மீட்டர் ஆழம் வரை செல்கிறது. போர்த்துக்கேய மொழியில் இது தெர்ரா பிரேட்டா, அதாவது கருமண், எனப்படுகிறது.

இம்மண்ணில் கரித்துண்டுகளுடன் பானை ஓடுகளும் மீன் எலும்புகளும் சாம்பலும் கலந்து கிடக்கின்றன. ஆகவே இவை பழங்குடி மக்களின் ஊரிருப்புகள் என்பது தெளிவு. இவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 2500 ஆண்டுகளுக்கும் 500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட காலத்தில் உருவானவை. 1541-42ஆம் ஆண்டுகளில் அமேசான் ஆற்றின் வழியே சென்ற பிரான்சிஸ்கோ டி ஒரெயானாவின் குழுவில் இருந்த காஸ்பர் டி கர்வஹால் என்ற துறவி, ஆற்றங்கரையில் மக்கள் செறிந்த ஊர்களைக் கண்டதாக எழுதினார். பின்னர் வந்தோர் அவ்வாறான ஊர்களைக் காணாததால் அவர் எழுதியது நெடுங்காலம் கற்பனை என்று கருதப்பட்டது. ஐரோப்பியரோடு வந்த நோய்களால் அம்மக்கள் பெருமளவில் மடிந்தனர் என்பது பிற்காலத்தில்தான் உணரப்பட்டது. கருமண் திட்டுகள் கர்வஹாலின் கூற்றுக்கு வலுச் சேர்க்கும் சான்றுகளுள் ஒன்றாக இன்று கருதப்படுகின்றன.

நெதர்லாந்து மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966இல் வெளியிட்ட அமேசான் மண்கள் பற்றிய நூல் இதனை அறிவியல் உலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. செருமானிய ஆய்வாளர் புரூனோ கிளாசரும் அவருடைய குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, கருமண்ணில் அருகிலுள்ள மண்ணைவிட 70 மடங்கு வரை எரிகரிமம் இருப்பதாகக் கூறியது.

கரி மட்டும் இருந்ததால் அம்மண் வளமானது என்று கூறிவிட முடியாது. மீன் எலும்பு மணிச்சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும், சமையற்கழிவும் மனித, விலங்குக் கழிவும் தழைச்சத்தையும், சாம்பல் காரத்தையும் தந்தன. கரி அவற்றை மழை கொண்டுபோகாமல் காத்தது. கருமண் திட்டு என்பது சுருங்கச் சொன்னால் பல நூற்றாண்டுக் குப்பைமேடு.

மக்கள் இதனை அறிந்தே உருவாக்கினரா, அல்லது குப்பை கொட்டியதன் விளைவாகத் தானே உருவானதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2021இல் ஓர் ஆய்வுக்குழு, இவ்வளத்திற்கு ஆற்று வண்டலே முதற்காரணம் என வாதிட்டது. அடுத்த ஆண்டே தொல்லியலாளர்கள் பலர் அதனை மறுத்து எழுதினர். 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, மேல் சிங்கு ஆற்றுப் பகுதியில் வாழும் குயிக்குரோ மக்கள் இன்றும் சாம்பல், கரி, மரவள்ளிக் கழிவு, மீன் கழிவு ஆகியவற்றைக் குவித்து, பின்னர் அங்குப் பயிரிடுவதற்காகவே கருமண்ணை உருவாக்குவதைப் பதிவு செய்தது. அம்மண் அருகிலுள்ள பழைய ஊரிருப்புகளின் மண்ணை ஒத்திருந்தது.

கருமண்ணைத் தமிழ்நாட்டின் கரிசல் மண்ணோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கரிசலின் நிறம் கரியால் வந்ததன்று. அது களியின் தன்மையாலும் அதனோடு பிணைந்த மட்காலும் வருவது.

மண்ணில் செயற்படும் விதம்

மரக்கரியை உருப்பெருக்கியின் கீழ் நோக்கினால் மரத்தின் நீர்க்குழாய்கள் அப்படியே வெற்றுத்துளைகளாக நிற்பதைக் காணலாம். இத்துளைகளில் நீர் தங்கும், நுண்ணுயிர்கள் குடியேறும். ஆனால் புதிதாகச் சுட்ட கரி பெரும்பாலும் நீரை விலக்கும் தன்மையுடையது. மண்ணில் கிடக்கக் கிடக்க அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஆக்சிசனோடு வினைபுரிந்து எதிர்மின்னேற்றம் பெறுகிறது. அதன் பின்னரே அம்மோனியம், கால்சியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகளை நன்கு பிடித்துவைக்கும் திறன் வருகிறது. கருமண்ணின் சிறப்புக்குக் கரியின் இந்த முதுமையும் ஒரு காரணமாகும். சூளையிலிருந்து நேற்று எடுத்த கரியிடம் அதே பயனை இன்றே எதிர்பார்ப்பது பிழை.

இதனை மனாஸ் நகருக்கு அருகில் கிறிஸ்டோப் ஸ்டைனர் முதலானோர் நடத்திய வயலாய்வு நன்கு காட்டுகிறது. 2007இல் வெளியான இவ்வாய்வில் நெல்லும் சோளமுமாக நான்கு போகங்கள் பயிரிடப்பட்டன. செயற்கை உரத்துடன் எக்டேருக்கு 11 டன் கரி இட்ட பாத்திகள், உரம் மட்டும் இட்டவற்றைவிட இருமடங்கு விளைந்தன. எனினும் எல்லாவற்றிலும் மிகுந்த விளைச்சல், நான்கு போகங்களிலும் சேர்த்து எக்டேருக்கு 12.4 டன், கோழி எரு இட்ட பாத்திகளிலேயே கிடைத்தது. கரியைப் புகழ்வோர் முதற் செய்தியை மட்டும் எடுத்துக்கூறி இரண்டாவதை விட்டுவிடுவதுண்டு.

சத்தேற்றுதல்

கரியை மண்ணில் இடுமுன் எருவுடன் சேர்த்து ஊறவைப்பது சத்தேற்றுதல் எனப்படும். வெறுங்கரியை நேரடியாக இட்டால் அது மண்ணிலுள்ள தழைச்சத்தின் ஒரு பகுதியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். பயிர் வெளுத்து வளர்ச்சி குன்றும். இக்குறை பொதுவாக ஒரு பருவத்தில் நீங்கிவிடும் என்றாலும், வீட்டுத் தோட்டக்காரர் பலர் அதற்குள் கரியையே கைவிட்டுவிடுகின்றனர்.

மிகவும் பரிந்துரைக்கப்படும் முறை, மக்கும் எருக்குவியலிலேயே கரியைச் சேர்ப்பதாகும். குவியலின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கரியைப் பொடித்து, ஈரமாக்கி, இலைதழை, சாணம் ஆகியவற்றோடு அடுக்க வேண்டும். எரு முதிர்வதற்கு ஆகும் இரண்டு மூன்று மாதங்களில் கரியின் துளைகளின் உட்சுவரில் மெல்லிய கரிமப் படலம் படிகிறது. இவ்வாறு எருவோடு முதிர்ந்த கரி நைட்ரேட்டைப் பிடித்துவைத்துப் பின் மெதுவாக விடுவதை 2015, 2017ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் வெளியான ஆய்வுகள் காட்டின. மற்றொரு பயன், குவியலிலிருந்து அம்மோனியா ஆவியாகி வீணாவது குறைதல். எருக்குவியல் வைக்க இடமற்றோர் கரியைச் சாணக் கரைசலிலோ நீர் கலந்த மாட்டுச் சிறுநீரிலோ இரண்டு வாரம் ஊறவைத்துப் பயன்படுத்தலாம்.

தொழு உரம், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள் ஆகிய எல்லாம் கரியுடன் சேர்த்து இடத்தக்கவை. கொளிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரப்பயிர்களை மடக்கி உழும்போதும் கரியைத் தூவலாம். யூரியா இட்டவுடன் காரத்தன்மை மிக்க கரியை மேற்பரப்பில் தூவுவது கூடாது. அம்மோனியா இழப்பு கூடும்.

வீட்டுத் தோட்டத்திற்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ என்பது அளவான தொடக்கமாகும். இது எக்டேருக்கு 10 டன்னுக்குச் சமம். தொட்டிகளில் மண்ணின் பருமனில் இருபதில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை சேர்க்கலாம். ஒருமுறை இட்ட கரி பல ஆண்டுகள் நிலைத்திருக்கும் என்பதால் ஆண்டுதோறும் இடத் தேவையில்லை; எருவை ஆண்டுதோறும் இட்டே ஆக வேண்டும்.

சிறு அளவில் தயாரித்தல்

கூம்பு வடிவக் குழி முறை எளிமையானது. குழியின் அடியில் உலர்ந்த சுள்ளிகளைப் பற்றவைத்து, அவற்றின் மேல் வெண்சாம்பல் படியத் தொடங்கியதும் அடுத்த அடுக்கை இட வேண்டும். மேலடுக்கின் தழல் காற்றிலுள்ள ஆக்சிசனைத் தான் எடுத்துக்கொள்வதால் கீழடுக்கு எரியாமல் கரியாகிறது. கிளம்பும் வளிமங்களும் தழலிலேயே எரிந்துவிடுவதால் மண் மூடிய மரபுவழிக் கரிமூட்டத்தைவிடப் புகை மிகக் குறைவு. குழி நிறைந்ததும் நிறைய நீர் ஊற்றி அணைக்க வேண்டும். மேலே ஆறியதுபோல் தோன்றும் குவியல் உள்ளே கனன்று, மறுநாள் வெறும் சாம்பலாகிவிடக்கூடும். உமியைக் கரியாக்க, துளையிட்ட தகரப் பெட்டியின் மேல் புகைக்குழாய் பொருத்தி, உள்ளே தீ மூட்டி, சுற்றிலும் உமியைக் குவிப்பர். இவ்வாறு செய்யும் உமிக்கரி சப்பானில் நெடுங்காலமாக நாற்றங்காலுக்குப் பயன்படுகிறது. அந்நாடு கரியை மண் திருத்தியாகச் சட்டப்படி ஏற்றுள்ளது.

எம்முறையாயினும் திறந்த வெளியிலேயே செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடு உயிருக்குத் தீங்கானது. சாயம் பூசிய மரம், பூச்சிமருந்து ஏற்றிய மரம், நெகிழி கலந்த குப்பை ஆகியவற்றைச் சுடக் கூடாது. அவற்றின் கன உலோகங்களும் நச்சுப்பொருள்களும் கரியில் தங்கி மண்ணுக்குச் செல்லும். கரியைப் பொடிக்கும்போது நனைத்துக்கொண்டால் தூசி நுரையீரலுக்குள் செல்லாது.

பொருந்தும் மண்ணும் பொருந்தா மண்ணும்

2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி உயிர்க்கரி வெப்பமண்டலத்தில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சலைக் கூட்டியது. மிதவெப்ப நாடுகளில் சராசரியாக எப்பயனும் இல்லை. வெப்பமண்டலத்தின் பல மண்கள் அமிலத்தன்மையும் வளக்குறைவும் கொண்டவை. கரியின் காரமும் சாம்பலும் அக்குறையை ஈடுசெய்கின்றன. எனவே இங்குத் தீர்மானிப்பது வெயிலன்று, மண்ணின் பி.எச். மதிப்பே ஆகும்.

இவ்வேறுபாடு தமிழ்நாட்டிற்கு முதன்மையானது. நீலகிரித் தேயிலை மண்ணும் இலங்கையின் மலையக மண்ணும் அமிலத்தன்மை உடையவை. அங்குக் கரி பயன்தர வாய்ப்புண்டு. ஆனால் சமவெளியின் கரிசல் நிலங்கள் பொதுவாகக் காரத்தன்மை கொண்டவை. அங்கு மேலும் காரத்தைச் சேர்த்தால் துத்தநாகம், இரும்பு, மணிச்சத்து ஆகியவை பயிருக்குக் கிட்டுவது குறையலாம். மணற்பாங்கான நிலத்தில் கரி நீரைத் தாங்கும் திறனை உயர்த்தும். களிமண்ணில் இப்பயன் சிறிது. மண்ணாய்வு செய்து பி.எச். மதிப்பை அறிந்த பின்னரே கரி இடுவது நன்று.

செலவும் கருதத்தக்கது. எக்டேருக்கு 10 டன் என்ற அளவில் ஓர் ஏக்கருக்கு நான்கு டன் கரி தேவை. அதற்கு 12 முதல் 16 டன் வரை உலர்ந்த மரம் வேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேல மரத்திலிருந்து மிகுதியாகக் கரி சுடப்படுகிறது. ஆனால் எரிபொருளாக விலைபோகும் கரியை மண்ணில் புதைக்க உழவர் முன்வருவது அரிது. ஆகவே வயல்களைவிடத் தோட்டப்பாத்தி, நாற்றங்கால், மரக்கன்றுக்குழி ஆகிய சிறு இடங்களிலேயே உயிர்க்கரி இன்று நடைமுறைக்கு ஏற்றதாக உள்ளது.

கரிமச் சேமிப்பு

மக்கிப்போகும் இலைதழையின் கரிமம் பெரும்பாலும் சில ஆண்டுகளில் காற்றில் கலந்துவிடும். நன்கு சுட்ட கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுகள் மண்ணில் நிற்கும். இதனால் காலநிலை மாற்றத்திற்கான பன்னாட்டு அரசுக் குழு 2018ஆம் ஆண்டு அறிக்கையில், காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அகற்றும் வழிகளுள் ஒன்றாக உயிர்க்கரியையும் குறிப்பிட்டது. கழிவைக் கரியாக்கும்போதுதான் இந்த ஆதாயம் உண்மையானது. கரிக்கென நின்ற மரத்தை வெட்டினாலோ, சூளையிலிருந்து எரியாத மீத்தேன் வெளியேறினாலோ கணக்கு எதிராகத் திரும்பும்.