பானையில் கொதித்த வெறும் நீர்



கலீபா உமர் இப்னுல் கத்தாப் (ரழி) அவர்கள், அஸ்லம் என்ற தமது பணியாளருடன் ஓர் இரவு மதீனாவுக்கு வெளியே நடந்து சென்றார்கள். ஸிரார் எனும் இடத்தில் தீயொன்று தென்பட்டது. நெருங்கிப் பார்த்தால் ஒரு பெண். அவளைச் சுற்றிச் சிறு பிள்ளைகள் அழுது கொண்டிருந்தனர். அடுப்பில் பானையும் இருந்தது. பானையில் என்ன என்று கேட்டார்கள். வெறும் தண்ணீர்தான், இவர்கள் உறங்கும்வரை இதைக் காட்டி ஏமாற்றுகிறேன் என்றாள் அந்தத் தாய். அத்துடன், எமக்கும் உமருக்கும் இடையில் அல்லாஹ் தீர்ப்பளிப்பான் என்றும் கூறிவிட்டாள். தன் முன்னால் நிற்பவர் யாரென்பது அவளுக்குத் தெரியாது.

இதற்குப் பின் நடந்ததை நாம் மிம்பர்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். களஞ்சியத்திலிருந்து மாவையும் கொழுப்பையும் தமது முதுகிலேயே சுமந்து வந்தார்கள். தாடியினூடே புகை வெளியேற அடுப்பை ஊதிச் சமைத்தார்கள். ஆனால் நாம் கவனிக்கத் தவறும் ஒன்றுண்டு. அவளது கோபத்தை அவர்கள் ஈமானின் குறைபாடாகக் காணவில்லை. பொறுமை பற்றி உபதேசிக்கவுமில்லை. பிள்ளைகள் உண்டு, சிரித்து, உறங்கும்வரை தூரத்தில் அமர்ந்து பார்த்திருந்துவிட்டே எழுந்தார்கள்.

பசி வயிற்றோடு நிற்பதல்ல. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945ஆம் ஆண்டுகளில் அன்ஸல் கீஸ் என்ற அறிஞர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்களது சம்மதத்துடன் 24 வாரங்கள் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடல் மெலிந்தது போலவே உள்ளமும் வாடியது. சோர்வு, எரிச்சல், கவலை, பிறரை விட்டு ஒதுங்குதல், எந்நேரமும் உணவின் நினைவு என்பன அவர்களைப் பற்றிக்கொண்டன. அவர்கள் மனவுறுதி உள்ளவர்களெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பட்டினி ஒருநாள் முடியும் என்பதையும் அறிந்திருந்தார்கள். பிள்ளையின் அழுகை அவர்களது காதில் விழவுமில்லை.

ஏழைத் தாய்க்கு இவை எதுவும் வாய்ப்பதில்லை. வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போதும் பாலூட்டும்போதும் அவளுக்குக் கூடுதலான உணவு தேவை. வீட்டிலோ அவளே கடைசியாக உண்கிறாள். பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பரிமாறிவிட்டு, எனக்குப் பசியில்லை என்று கூறிச் சட்டியைக் கழுவி வைத்த உம்மாமாரை நாம் அறிவோம். 2022இல் நமது நாட்டில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்தபோது, இப்படிச் சட்டி கழுவிய வீடுகள் எத்தனையோ! நாளைய வேளைக்கு என்ன செய்வது என்ற ஏக்கம் உறக்கத்தைப் பறிக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்க இயலவில்லையே என்ற குற்றவுணர்வு உள்ளத்தை அரிக்கிறது. வறிய நாடுகளிலும் செல்வந்த நாடுகளிலும் நடந்த ஆய்வுகள், உணவுக்கு நிச்சயமில்லாத தாய்மாரிடம் மனச்சோர்வு கூடுதலாக இருப்பதைக் கண்டுள்ளன.

இத்தகைய பெண்களை ஓதிப் பார்க்க அழைத்து வருவோர் இன்றும் உள்ளனர். கண்ணேறு என்பார்கள், ஜின் என்பார்கள். ஒருமுறை நானும் ஓதிவிட்டு, ஸபர் செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அன்று காலை அந்தச் சகோதரி ஏதேனும் உண்டாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய செய்தி அல்குர்ஆனில் உள்ளது. கவலைப்படாதீர் என்ற ஆறுதலோடு அவர்களுக்குக் காட்டப்பட்டவை ஓர் நீரோடையும் கனிந்த பேரீச்சம் பழங்களும்தாம். உண்டு, பருகி, கண் குளிருமாறு பணிக்கப்பட்டது. ஊராருக்கு என்ன பதில் கூறுவது என்பது அதற்குப் பிறகே வருகிறது.

உமர் (ரழி) அவர்களுங்கூட ஒருமுறை ஒரு தாயைக் கடிந்து கொண்டதுண்டு. மதீனாவுக்கு வந்திறங்கிய வணிகக் கூட்டத்துக்கு இரவில் காவல் நின்றபோது ஒரு குழந்தை ஓயாது அழுதது. இரு தடவை சென்று, பிள்ளையைக் கவனி என்றார்கள். மூன்றாம் தடவை, நீ கெட்ட தாயாக இருக்கிறாயே என்றே கூறிவிட்டார்கள். அவளோ சலிப்புடன், பால் மறக்கச் செய்கிறேன், பிள்ளை மறுக்கிறது என்றாள். சில மாதக் குழந்தைக்கு ஏன் இந்த அவசரம்? பால்குடி மறந்த பிள்ளைகளுக்கு மாத்திரமே உமர் உதவித்தொகை வழங்குகிறார் என்று பதில் வந்தது.

அன்று ஸுப்ஹுத் தொழுகையில் கலீபாவின் அழுகையினால் அவர்கள் ஓதியது மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், பால்குடி மறக்கச் செய்ய அவசரப்படாதீர்கள், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இனி உதவித்தொகை உண்டு என அறிவிக்கச் செய்து, எல்லாப் பிரதேசங்களுக்கும் எழுதி அனுப்பினார்கள்.