கீஷ் தீவும் காயல் துறையும்

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் சிலருடன் ஏற்காட்டுக்குச் சென்றிருந்தேன். சேர்வராயன் மலைச் சரிவில், சில்வர் ஓக் மரங்களின் நிழலில் வரிசையாக நின்ற காப்பிச் செடிகளைக் காட்டி, "1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலையில் காப்பிப் பயிரைத் தொடங்கி வைத்தார். எத்தியோப்பியாவில் பிறந்து, செங்கடலைக் கடந்து, அரபு நாடாகிய ஏமனில் பயிராகி, அதன் பிறகே உலகெங்கும் பரவிய செடி இது" என்று கூறினேன். "அரபு நாட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு காப்பியோடுதான் தொடங்கியதா, ஐயா?" என்று கேட்டார் ஒரு மாணவர். "அன்று, அதற்கு வெகு காலம் முன்பே குதிரைகள் வந்தன. குதிரைகளோடு ஒரு குடும்பமும் வந்தது" என்றேன். மலைமேல் அன்று சுருக்கமாகச் சொன்ன அந்தக் குடும்பத்தின் கதையை இன்று சற்று விரிவாகச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

கடல் வழியாகக் குதிரை வருவது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகரின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். படைக்குக் குதிரை இன்றியமையாதது. தென்னாட்டின் வெப்பமும் ஈரமும் கலந்த தட்பவெப்பமோ நல்ல குதிரை வளர்ப்புக்கு ஏற்றதன்று. ஆகவே மன்னர்கள் கடலை நோக்கியே காத்திருந்தார்கள்.

அவர்கள் காத்திருந்த கலங்களை 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அனுப்பி வைத்தது ஓர் அரபு வணிகக் குடும்பம். இராக்கில் வாசித் நகருக்கும் கூசிஸ்தானுக்கும் இடையே இருந்த தீப் என்ற சிற்றூரின் பெயரால் அவர்கள் 'தீபி' எனப்பட்டனர். அக்குடும்பத்துத் தலைவர் ஜமாலுத்தீன் இப்ராகீம், பாரசீக வளைகுடாவிலுள்ள கீஷ் என்னும் சிறு தீவைத் தம் ஆட்சியிலும் வாணிபத்திலும் வைத்திருந்தார். பாரசீகத்தை அப்போது ஆண்ட மங்கோலிய அரசரிடமிருந்து, 1290-களில், பார்ஸ் மாகாணத்தின் வரிக் குத்தகையையும் பெற்றார்.

அவருடைய சகோதரர் தக்கியுத்தீன் அப்துர் ரகுமான் தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்த காயல் துறைக்கு வந்து தங்கினார். நம் கடற்கரையை அரபியர் 'மாபார்' என்று அழைத்தனர். 'கடந்து செல்லும் இடம்' என்பது அதன் பொருள். சுந்தர பாண்டியன் தக்கியுத்தீனைத் தன் அமைச்சராக்கிக் காயல் உள்ளிட்ட மூன்று துறைகளை அவர் பொறுப்பில் விட்டான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். சீனத்திலிருந்து வரும் சரக்குகளைத் தக்கியுத்தீனின் ஆட்கள் தேர்ந்தெடுத்த பின்னரே மற்றவர் வாங்கலாம். தம்பி இங்கே வாங்கி அனுப்பினார். தமையன் அங்கே விற்றார்.

குதிரை வாணிபத்தின் நிபந்தனைகளையும் வஸ்ஸாப் குறித்து வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை ஜமாலுத்தீன் தம் சொந்தத் தொழுவத்திலிருந்து அனுப்ப வேண்டும். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். அவ்வகையில் 3,08,000 தினார் ஆண்டொன்றுக்கு அவர் ஒருவருக்கே சேரும். இதில் வியப்பான விதி ஒன்று உண்டு: வரும் வழியில் குதிரை கடலில் இறந்துபோனாலும் அதன் விலையைப் பாண்டியன் கருவூலமே தர வேண்டும்!

வஸ்ஸாப் ஷீராஸ் நகரத்தவர். சொல்லலங்காரத்தில் மிகுந்த விருப்பமுடையவர். அவர் கூறுவதை அப்படியே ஏற்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்காகவே மற்றொரு சாட்சியை அழைப்போம். ஏறத்தாழ 1292-இல் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, கீஷ், ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைக் கப்பல்கள் காயலுக்கு வருவதை எழுதியிருக்கிறார். மன்னன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கினும் ஆண்டின் முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சுவதில்லை என்கிறார் அவர். காரணம், பேணத் தெரிந்தவர் இல்லை. அதை அறிந்தவர் எவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டனர். தவறான தீனியால் குதிரைகள் கெட்டதை வஸ்ஸாபும் சொல்கிறார். ஒருவரையொருவர் அறியாத இருவர் ஒன்றையே கூறும்போது, எண்ணிக்கையில் ஐயம் இருந்தாலும் செய்தியின் சாரத்தை நம்பலாம்.

அப்படியானால் இந்தக் குடும்பம் நம்மைச் சுரண்டியதா? இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. விலையை அவர்கள் கையில் கொடுத்தது அவர்களுடைய வாளன்று, நம்முடைய அறியாமை. அதே சமயம், வேற்று நாட்டவர் ஒருவரைத் தமிழ் மன்னன் அமைச்சராக அமர்த்தினான். அவரும் இந்நாட்டையே தம் வீடாகக் கொண்டார். 1303-இல் தக்கியுத்தீன் இங்கேயே காலமானார். அவர் மகன் சிராஜுத்தீன் அப்பொறுப்பை ஏற்றார். ஜமாலுத்தீனின் மகன் பக்ருத்தீன், பாரசீக மங்கோலிய அரசர் கசானின் தூதராகச் சீனப் பேரரசரிடம் சென்று சில ஆண்டுகள் தங்கினார். திரும்பும் வழியில், 1305-இல், மாபார் கரையை நெருங்கும்போது உயிர் நீத்தார். சிறிய தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர். இராக்கில் வேர்கொண்டு, கீஷில் தழைத்து, சீனம் வரை கிளை பரப்பிய ஒரு குடும்பத்தின் இருவர் தமிழ் மண்ணில் உறங்குகின்றனர்.

1311-இல் மாலிக் காபூரின் படையெடுப்பு வந்தது. பாண்டியர் பெருமை சிதைந்தது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடலும் விலகியது. பழையகாயல் இன்று ஒரு சிற்றூர். 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் அங்கே மண்ணிலிருந்து எடுத்த சீனப் பீங்கான் ஓடுகளே பழைய துறையின் பெருமைக்குச் சான்றாயின.

ஏற்காட்டுக் காப்பிச் செடியை நான் மீண்டும் நினைத்துக்கொள்கிறேன். கடல் கடந்து வந்த அச்செடியின் இயல்பை மலை மக்கள் கற்றார்கள். எத்தனை நிழல் வேண்டும், எப்போது கவாத்துச் செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். ஆகவே அது நம்முடையதாயிற்று. குதிரையையோ நாம் பொன் கொடுத்து வாங்கினோம். அதைப் பேணும் கலையை வாங்கவில்லை. ஆகவே அது கடைசி வரை அயலார் பொருளாகவே இருந்தது. பொருளைப் பெறுவது வேறு, அறிவைப் பெறுவது வேறு. மாணவ நண்பர்களே, காயல் துறையின் வரலாறு உங்களுக்குச் சொல்வது இதுதான்.