ஏட்டில் ஏறிய வயது: திருகோணமலைத் துறையில் ஆள் வணிகம்

திருகோணமலைத் துறையைச் சுற்றிய ஊர்களில் மனிதரை விலைப்பொருளாக்கிய வழக்கம் இரண்டு காலங்களில் இரண்டு வடிவம் எடுத்தது. ஒன்று, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சட்டத்தின் காவலில் நிலைத்த அடிமை முறை. மற்றது, 1970களுக்குப் பின் வளைகுடா நாடுகளுக்கு ஆள் அனுப்பும் தொழிலோடு ஒட்டி வளர்ந்த ஏமாற்று வணிகம். இரண்டிலும் ஒரு தாள் மனித விதியை நிர்ணயித்தது. முன்னதில் அது அடிமைப் பதிவேடு, பின்னதில் கடவுச்சீட்டு.

யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதித்தபோது அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. கோவியர், நளவர், பள்ளர் ஆகிய சாதிகளில் பலர் வீட்டு வேலைக்கும் வயல் வேலைக்கும் பனைத்தொழிலுக்கும் பிறப்பாலேயே கட்டுப்பட்டிருந்தனர். பரம்பரையாக வரும் முதுசச் சொத்தைப் போல அவர்களும் பங்கு பிரிக்கப்பட்டார்கள். தகப்பனின் காணி பிள்ளைகளிடையே பிரிந்ததைப் போலவே, ஓர் ஆளின் மீதான உரிமையும் அரைப் பங்கு, கால் பங்கு என உடைந்தது. தன்னை மீட்க விரும்பிய ஒருவர் யாருக்குப் பணம் கட்டுவது என்பதே தீராத சிக்கலாயிற்று.

1795இல் திருகோணமலையைப் பிடித்த பிரித்தானியர் இந்த முறையை ஒரே அடியில் ஒழிக்கவில்லை. பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் தூண்டுதலால், 1816 ஆகஸ்ட் 12க்குப் பின் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராக ஏற்க உடைமையாளர் பலர் இணங்கினர். 1818ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளைப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, பங்குரிமையையும் நீக்கியது. 1821இல் வந்த ஏற்பாடு யாழ்ப்பாணத்தோடு திருகோணமலையையும் நேரடியாகத் தொட்டது. இவ்விரு பகுதிகளிலும் அச்சாதிகளின் அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை அரசே விலை கொடுத்து வாங்கியது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பதே அன்றைய வழக்கு. ஆகவே பெண்வழியை விடுவித்தால் ஒரு தலைமுறைக்குள் கண்ணி அறுந்துவிடும் எனக் கணக்கிட்டனர். கணக்குச் சரியானதுதான். ஆனால் தொட்டிலில் கிடந்த மகள் சுதந்திரப் பிறவியாகவும் பெற்றவள் பிறர் உடைமையாகவும் ஒரே குடிசையில் வாழ நேர்ந்ததை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுக்கவில்லை.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழித்த 1833ஆம் ஆண்டுச் சட்டம் இலங்கையை விலக்கிவைத்தது. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே இங்கு அதற்கு முடிவு கட்டியது. சாதி சார்ந்த குடிமை வேலைகள் அதன் பிறகும் நெடுங்காலம் தொடர்ந்தன.

1970களின் எண்ணெய் விலையேற்றம் வளைகுடா வீடுகளில் பணிப்பெண்களுக்கான தேவையை உண்டாக்கியது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைந்தது. கொட்டியாரக் குடாவின் கரையிலுள்ள மூதூரும் கிண்ணியாவும் அப்போது போரின் நடுவே இருந்தன. கடற்றொழிலுக்குத் தடை, காட்டுக்குப் போக அச்சம், அடிக்கடி இடம்பெயர்வு என்று ஆண்களின் உழைப்பு முடங்க, வீட்டைத் தாங்கும் பொறுப்பு மகள்மார் மேல் விழுந்தது. கொழும்பு ஏஜென்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் உப முகவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், முகம் தெரிந்தவர். வீட்டுக்கு வந்து பேசுவார், முற்பணம் கொடுப்பார், தாள்களைத் தாமே செய்து தருவார். முற்பணத்தை வாங்கிய வீட்டுக்குப் பயணத்தை மறுக்கும் துணிவு மிஞ்சுவதில்லை.

மூதூர் ஷாபி நகரைச் சேர்ந்த ரிஸானா நபீக் அப்படிப் புறப்பட்டவர். தகப்பன் விறகு வெட்டிப் பிழைத்தவர். ரிஸானா 1988 பெப்ரவரி 4இல் பிறந்தவர். கடவுச்சீட்டிலோ பிறந்த ஆண்டு 1982. அந்த ஆறு ஆண்டுகள் 17 வயதுச் சிறுமியை 23 வயதுப் பெண்ணாக்கின. 2005 மே மாதத் தொடக்கத்தில் சவூதி அரேபியாவில் இறங்கினார். வீட்டு வேலைக்கென்று போனவரிடம் நான்கு மாதக் குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்தது. மே 22இல் குழந்தை இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சடைத்தது என்றார் அவர். கொலை என்றது வழக்கு. முதல் வாக்குமூலத்தின்போது தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரோ சட்டத்தரணியோ அவருக்கு வாய்க்கவில்லை. 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஹொங்கொங்கில் இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு மேன்முறையீட்டுக்கான பணத்தைத் திரட்டியது. 2013 ஜனவரி 9இல் சவூதியின் தவாத்மியில் தண்டனை நிறைவேறியது. நீதிமன்றத்தில் அவருடைய உண்மையான வயது எடுபடவில்லை. தாளில் இருந்த வயதே வென்றது.

அதன்பின் சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயது 25 ஆனது. சிறு பிள்ளைகளின் தாய்மாரைத் தடுக்கும் குடும்பப் பின்னணி அறிக்கையும் 2013இல் நடைமுறைக்கு வந்தது. நோக்கம் காவல், விளைவு வேறாயிற்று. நேர்வழி அடைபட்ட பெண்கள் சுற்றுலா விசாவில் புறப்பட்டனர். பணியகத்தில் பதியாமல் போனவருக்குச் சட்டப் பாதுகாப்பு இன்னும் குறைந்தது. பொருளாதார நெருக்கடியின் ஆண்டான 2022இல் ஓமானுக்கு இப்படி அழைத்துச் செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் விற்கப்பட்ட செய்தி நாட்டை உலுக்கியது. ஆள் வணிகத்தைத் தனிக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் 2006இலேயே வந்திருந்தது. ஆள் வணிகத்தைத் தடுப்பதற்கான ஐக்கிய நாடுகளின் பலேர்மோ நெறிமுறையை இலங்கை 2015இல் ஏற்றது.

2024 டிசம்பரில் திருகோணமலைத் துறைக்கு, விலைபோனவர்களாக அல்லாமல் அடைக்கலம் தேடி, வேறு முகங்கள் வந்தன. முல்லைத்தீவுக் கரையோரம் தத்தளித்த படகிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட மியன்மாரின் ரோகிங்கிய அகதிகளுக்கு அங்குள்ள மீனவர்கள் முதலில் உணவு கொடுத்தனர். பிறகு கடற்படை அவர்களைத் திருகோணமலைத் துறைமுகத்தின் அஷ்ரஃப் இறங்குதுறையில் கரையேற்றியது. அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். சில நாள் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்ட அவர்கள், பின்னர் முல்லைத்தீவு விமானப்படை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.