அராஜகமும் அரசின்மையும்: எம். பி. டி. ஆசாரியாவின் வரலாற்றில் ஒரு சொற்சிக்கல்

வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்களுள், ஒரே சொல் அடுத்தடுத்த ஆண்டுகளில் வெவ்வேறு பொருள்களைத் தாங்கி நிற்பது முதன்மையானது. சென்னையில் 1887இல் பிறந்து பம்பாயில் 1954இல் மறைந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாசாரியாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். ஆங்கில ஆட்சி 'அனார்க்கிஸ்ட்' என்று முத்திரையிட்ட கூட்டத்தாரோடு அவர் திரிந்த காலத்தில் அவர் அக்கொள்கையினர் அல்லர். பின்னாளில் அக்கொள்கையையே உயிரெனக் கொண்டார். இவ்விரு நிலைகளையும் தமிழில் 'அராஜகவாதி' என்னும் ஒரே சொல்லால் பெயர்த்துவிட்டால் அவருடைய வரலாறே திரிந்துவிடும்.

மேலுக்கோட்டை, மைசூர், பெங்களூர் முதலிய ஊர்களில் வாழும் மண்டயம் ஐயங்கார்களின் வீட்டுமொழி கன்னடக் கூறுகள் விரவிய ஒரு தமிழ்க் கிளைமொழி. பாரதியார் ஆசிரியப் பொறுப்பேற்றிருந்த 'இந்தியா' வார இதழ் இக்குடும்பத்தாரின் முயற்சியால் 1906இல் சென்னையில் தோன்றி, அடக்குமுறையின் விளைவாக 1908இல் புதுச்சேரிக்குச் சென்றது. இதழின் உரிமையாளர் எஸ். என். திருமலாசாரியார் வேறு, நாம் பேசும் எம். பி. திருமலாசாரியார் வேறு. பெயரொற்றுமை கண்டு இருவரையும் ஒருவராக்கிவிடுதல் கூடாது. பின்னவர் ஐரோப்பா சென்று, 1909இல் லண்டன் இந்தியா இல்லத்தில் சேர்ந்தார். போர்ப்பயிற்சி வேண்டி மொராக்கோவின் ரிஃப் மக்களிடம் செல்ல முயன்று தோற்றார். பெர்லின், காபூல் எனப் பல நகரங்களைக் கடந்து, 1920 அக்டோபர் 17 அன்று தாஷ்கண்டில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியை அமைத்தவர்களுள் ஒருவரானார். எம். என். ராயோடு முரண்பட்டு 1922இல் பெர்லின் திரும்பினார். அங்கே அரசற்ற தொழிற்சங்க இயக்கத்தாரோடு கொண்ட தொடர்பு இறுதிவரை நிலைத்தது.

இனிச் சொல்லுக்கு வருவோம். கிரேக்க மூலம் 'ஆள்வோன் இன்மை' என்னும் அளவிலேயே நிற்பது. அதனை இழிசொல்லாக அன்றிக் கொள்கைப் பெயராகத் தமக்குச் சூட்டிக்கொண்டவர் 1840இல் புருதோன். நம் நாட்டில் ஆட்சியாளர் வழங்கிய பொருள் வேறு. ரௌலட் சட்டம் எனப்படும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'அனார்க்கிக்கல்' என்னும் அடைமொழி குற்றங்களைக் குறித்து நின்றது. வெடிகுண்டு வீசிய தேசியவாதி, தனக்கென ஓர் அரசு வேண்டியே வீசினான். அவனுக்கு இப்பெயர் பொருந்தாது. 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழக விழாவில் தாமும் வேறொரு வகையில் அனார்க்கிஸ்ட்டே என்று காந்தியடிகள் கூறியது இச்சொல்லாட்சியின் பின்னணியில்தான் விளங்கும்.

வடமொழியின் 'அராஜக' என்னும் சொல்லும் நமக்கு எளிதில் கைகொடுப்பதன்று. தசரதன் மறைவுக்குப் பின் அரசனற்ற நாட்டின் அவலத்தை வான்மீகம் விரித்துரைக்கிறது. பாரதத்துச் சாந்தி பருவம், அரசனில்லாத மக்கள் மீனை மீன் விழுங்குவதுபோல் அழிந்தனர் என்கிறது. அதே பருவம் வேறோரிடத்தில், அரசும் தண்டமும் இன்றி மக்கள் அறத்தால் ஒருவரையொருவர் காத்துக்கொண்ட காலமொன்றையும் சொல்கிறது. வழக்கில் நிலைத்தது முன்னைய பொருளே. பெங்களூர்க் கன்டோன்மென்ட் பகுதியில் 1910இல் உருவான பிரேசர் டவுன் போன்ற இருமொழிச் சூழலில் இது இன்னும் இறுக்கமடைகிறது. அங்கு வாழும் தமிழர் தம் மொழியில் 'அராஜகம்' என்றும் அண்டைமொழியில் 'அராஜகதெ' என்றும் கேட்பது ஒழுங்கின்மையையே. ஒன்றை மற்றொன்று திருத்த வழியில்லை.

இவ்விடத்தில் இக்கொள்கையின் தலையாய வரலாற்றாசிரியர் மாக்ஸ் நெட்லாவின் (1865–1944) நெறி பயன்படும். வியன்னாவினராகிய அவர் தொடக்கத்தில் மொழிநூலறிஞர். வெல்ஷ் மொழி இலக்கணம் பற்றி ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1897இல் இவ்வியக்கத்தின் நூலடைவை வெளியிட்டார். பகூனினுடைய வரலாற்றைத் தம் கையெழுத்திலேயே ஐம்பது படிகள் மட்டும் எடுத்து நூலகங்களுக்கு வழங்கினார். முதல் உலகப்போருக்குப் பின் பணவீக்கத்தால் செல்வம் இழந்தும் துண்டு வெளியீடுகளைத் திரட்டுவதைக் கைவிடவில்லை. அத்திரட்டு 1935இல் ஆம்ஸ்டர்டாம் பன்னாட்டுச் சமூக வரலாற்று நிறுவனத்துக்குச் சென்றது. 1925இல் வெளிவந்த அவரது நூல், கொள்கைப் பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வரலாற்றைத் தொடங்குகிறது. அவர் பின்தொடர்ந்தது கருத்தை, சொல்லை அன்று. சொற்பிறப்பில் தோய்ந்த ஒருவர் இவ்வாறு செய்தது வியப்பே.

ஆசாரியாவுக்கு இந்நெறி மிகவும் வேண்டப்படுவது. தாய்மொழி தமிழாயினும் அவருடைய அரசின்மைக் கட்டுரைகள் பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய அயல்மொழி இதழ்களில் சிதறிக் கிடந்தன. 1935இல் பம்பாய் திரும்பியபின் புனேயின் 'மராட்டா' இதழில் 1937இல் எழுதிய நினைவுக்குறிப்புகள் 1991இல்தான் நூலாயின. 1923 முதல் 1953 வரையிலான கட்டுரைகளை ஓலே பிர்க் லௌர்சன் 2019இல் ஆங்கிலத்தில் தொகுத்தார். 2023இல் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார்.

இந்நூல்களைத் தமிழாக்கப் புகுவோர் 1919 வரையிலான அரசு ஆவணங்களில் வரும் சொல்லுக்கு 'அராஜகம்' என்பதையே இடலாம். ஆள்வோர் கொண்ட பகைமையும் அதில் ஒலிக்கும். 1923க்குப் பின் ஆசாரியா தம்மைக் குறிக்கும் இடங்களில் 'அரசின்மைக் கொள்கையர்' என்பதே பொருந்தும்.