முராய் பத்து வளர்ப்பு: பாட்டைக் கேட்கும் முன் பிறப்பைக் கேளுங்கள்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பாட்டுப் பறவை வளர்ப்போர் பெரிதும் விரும்பும் பறவைகளில் ஒன்று முராய் பத்து. தமிழில் இதன் பெயர் சோலைபாடி. தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் இது வாழ்கிறது. ஆணுக்குப் பளபளக்கும் கரிய தலையும் மார்பும், செம்பழுப்பு வயிறும், வாலின் அடியில் வெள்ளைத் திட்டும், நீண்ட வாலும் உண்டு. பெண் சற்று மங்கிய நிறம், வாலும் குட்டை.

மேல்நாட்டார் வளர்க்கும் கேனரி பல நூற்றாண்டுகளாகக் கூண்டிலேயே பெருகி வரும் பறவை. முராய் பத்து அப்படியல்ல. சந்தைக்கு வரும் பறவைகளில் காட்டில் கண்ணி வைத்துப் பிடித்தவையும் கலந்திருக்கும். எனவே வாங்குமுன் கவனம் தேவை.

உரிமம்

2010-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி (சட்டம் 716) தீபகற்ப மலேசியாவில் இது பாதுகாக்கப்பட்ட பறவை. உரிமம் இன்றி வைத்திருந்தால் அபராதமோ சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். பங்சார்வாசிகள் செராஸ் சாலையில் உள்ள பெர்ஹிலித்தான் தலைமையகத்தில் விவரம் கேட்கலாம். பணம் கொடுக்கும் முன்பே கேட்பது நல்லது.

கால் வளையம்

கூண்டில் பொரித்த குஞ்சுக்குச் சில நாள் வயதிலேயே மூட்டில்லாத வளையத்தைக் காலில் மாட்டுவார்கள். கால் பருத்தபின் அந்த வளையத்தை மாட்ட முடியாது. ஆகவே சரியான அளவில் பொருந்திய மூட்டில்லா வளையம், கூண்டில் பிறந்ததற்கு நல்ல அடையாளம். வளையத்தோடு விற்பவரின் ஆவணங்களையும் பாருங்கள். காட்டில் பிடித்த பறவை பெரும்பாலும் ஆளைக் கண்டால் கூண்டுக் கம்பியில் மோதிப் படபடக்கும்.

அன்றாடப் பராமரிப்பு

இது பூச்சி தின்னும் பறவை. கடையில் விற்கும் தீவனத்தோடு சில்வண்டும் வெட்டுக்கிளியும் கொடுக்க வேண்டும். பூச்சி மருந்து அடித்த இடத்தில் பிடித்தவை கூடாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். குளிக்க அகலமான தட்டு வையுங்கள். காலை இளவெயில் போதும். மதிய வெயிலும் சமையல் புகையும் சாம்பிராணிப் புகையும் ஆகாது. இரவில் கூண்டைத் துணியால் மூடினால் பறவை அமைதியாக உறங்கும். பக்கத்து வீட்டாரும் உறங்குவர்.

குஞ்சு பொரிக்க

இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் சண்டையில் ஒன்று சாகவும் கூடும். ஆணையும் பெண்ணையும்கூட உடனே சேர்க்கக் கூடாது. கூண்டுகளைச் சில நாள் அருகருகே வைத்து, ஆணின் பாட்டுக்குப் பெண் இணங்கி வரும்போது பெரிய கூட்டில் விட வேண்டும். உள்ளே மரப்பெட்டியும் காய்ந்த இலை, வேர்களும் வையுங்கள். பெண் மூன்று முதல் ஐந்து முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு வாரம் அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் மேலும் இரண்டு வாரத்துக்குள் கூட்டை விட்டு வெளிவரும். அந்த நாள்களில் அடிக்கடி எட்டிப் பார்த்தால் தாய் கூட்டைக் கைவிடக்கூடும்.

போட்டிக்கு

கூண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, நடுவர்கள் சுற்றி வந்து புள்ளி இடுவர். குரலின் வலிமை, பாட்டின் வகை, இடைவிடாமல் பாடும் ஆற்றல், நிற்கும் தோரணை, வால் வீச்சு ஆகியவை கவனிக்கப்படும். இளம் ஆண் கேட்டுப் பழகும் பறவை. நன்றாகப் பாடும் மூத்த பறவையின் அருகே வைத்தாலோ பதிவு செய்த பாட்டைப் போட்டாலோ அதைப் பிடித்துக்கொள்ளும். இறகு உதிர்க்கும் காலத்தில் பாட்டுக் குறையும். அப்போது போட்டிக்குக் கொண்டு போகாமல் ஓய்வு கொடுங்கள்.

பாராவ்-பாராவ் தரும் பாடம்

இதே கூண்டு வியாபாரத்தால் பாராவ்-பாராவ் பறவை தாய்லாந்துக் காடுகளிலும் ஜாவாவிலும் அற்றுப்போனது. 2022 நவம்பரில் பனாமாவில் நடந்த சைட்டீஸ் மாநாட்டில் அது மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதே மாநாட்டில் மலேசியாவும் சிங்கப்பூரும் முன்மொழிய, முராய் பத்து இரண்டாம் பட்டியலில் சேர்ந்தது. அனுமதிப் பத்திரம் இல்லாமல் இப்போது இதை எல்லை தாண்டிக் கொண்டுசெல்ல முடியாது.

1931-இல் மலாயாவிலிருந்து ஹவாயின் கவாய் தீவுக்குக் கொண்டுபோய் விட்ட முராய் பத்துகள் அங்கே பெருகி வாழ்கின்றன. பிறந்த மண்ணில் அது நிலைத்திருப்பதில் வாங்குபவருக்கும் பங்கு உண்டு. கூண்டில் பிறந்த பறவைக்குச் சற்றுக் கூடுதல் விலை கேட்டாலும் அதையே வாங்குங்கள். வாங்க ஆளில்லாவிட்டால் கண்ணி வைப்பவருக்கும் வேலையில்லை.