எலிசெக் தூண்

எலிசெக் தூண் என்பது வட வேல்ஸில் லாங்கோலன் நகருக்கு வடமேற்கே சுமார் 3 கி.மீ. தொலைவில், மலைக்கணவாய்க்கு ஏறிச்செல்லும் சாலையோரப் புல்மேட்டில் நிற்கும் உடைந்த கற்சிலுவை. 9ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நாட்டப்பட்டது. சிலுவையின் தலைப்பகுதி இன்று இல்லை. எஞ்சியிருப்பது தண்டின் ஒரு பகுதி மட்டுமே. உயரம் ஏறத்தாழ 2.4 மீட்டர். கீழே உருண்டையாகவும் மேலே நான்கு பட்டையாகவும் செதுக்கப்பட்ட இத்தகைய தண்டுகள் எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தின் நடுப்பகுதியிலும் காணப்படுகின்றன. இது சிலுவையாகத்தான் இருந்தது என்பதற்கு அருகிலுள்ள மடமே சாட்சி. 1201இல் பொவிஸ் இளவரசர் மடோக் அப் கிரிஃபித் நிறுவிய அந்தச் சிஸ்டர்சிய மடத்துக்கு, சிலுவைப் பள்ளத்தாக்கு என்று பொருள்படும் ‘வாலே குரூசிஸ்’ என்னும் பெயர் இந்தக் கல்லால் வந்தது.

தூணை நாட்டியவர் பொவிஸ் நாட்டு அரசர் கிங்கென் அப் கடெல். தம் கொள்ளுப்பாட்டனார் எலிசெக்கின் நினைவாக அவர் இதை எழுப்பினார். அது பொவிஸுக்கு நல்ல காலம் அல்ல. கிழக்கே மெர்சிய ஆங்கிலேயர்கள் நெருக்கிக்கொண்டிருந்தனர். 822இல் அவர்கள் பொவிஸைக் கைப்பற்றியதாக வேல்ஸின் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. எலிசெக்கோ வாளாலும் நெருப்பாலும் ஆங்கிலேயரிடமிருந்து பொவிஸை மீட்டவர் என்று கல்வெட்டு புகழ்கிறது. நாடு கைநழுவிக்கொண்டிருந்த நாளில் ஒரு கொள்ளுப்பேரன் இந்தப் பழைய வெற்றியை வழியோரத்தில் எல்லாரும் காண நிறுத்தினான் என்பதை மனத்தில் வைத்தால்தான் இந்தக் கல்லின் அவசரம் புரியும்.

லத்தீன் மொழியிலிருந்த கல்வெட்டு நீளமானது. கிங்கெனிலிருந்து எலிசெக் வரை தந்தை வழியை வரிசையாகச் சொல்லி, பிறகு இன்னும் பின்னோக்கிப் போகிறது. பழைய பிரித்தானிய அரசன் வோர்டிகெர்னின் மகன் பிரிட்டு, அவனுக்கு ஆசி வழங்கிய புனித ஜெர்மானுஸ், அவனைப் பெற்ற செவிரா, அவளுடைய தந்தையும் ரோமானியரின் அரசனைக் கொன்றவனுமாகிய மாக்சிமஸ் என்று கொடிவழி நீள்கிறது. கொல்லப்பட்ட அரசன், 383இல் மாண்ட பேரரசன் கிராஷியன். இதில் ஓர் அரசியல் சண்டையும் அடங்கியிருக்கிறது. ஏறக்குறைய அதே காலத்தில் அண்டை நாடான குவினெத்தில் எழுதப்பட்ட ‘பிரித்தானியரின் வரலாறு’ என்னும் லத்தீன் நூல், வோர்டிகெர்னை நாட்டைக் காட்டிக்கொடுத்த பாவியாகவும், ஜெர்மானுஸின் சாபத்துக்கு ஆளானவனாகவும் காட்டுகிறது; பொவிஸ் அரசர்களோ ஒரு வேலைக்காரனின் வழியில் வந்தவர்கள் என்கிறது. தூணின் கல்வெட்டு இந்த ஏச்சுக்கு நேர்ப் பதிலாகவே எனக்குப் படுகிறது. சாபம் இங்கே ஆசியாகிவிடுகிறது, குலமும் ரோமப் பேரரசோடு உறவு கொண்டாடுகிறது.

கல்வெட்டை உரக்கப் படிப்பவர் எலிசெக்கின் ஆன்மாவுக்கு ஆசி கூற வேண்டும் என்ற வேண்டுகோளும், அரசரின் ஆணைப்படி எழுத்தை வரைந்தவர் கொன்மார்க் என்ற குறிப்பும் அதில் உண்டு. ஊர் கூடிய இடத்தில் வாசித்துக் காட்டவே இது எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் கிங்கெனின் குலம் நிலைக்கவில்லை. 850களின் நடுவில் அவர் ரோமாபுரியில் இறந்தார். பொவிஸ் குவினெத் அரசர்களின் கைக்குப் போனது.

17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் தூண் கீழே தள்ளப்பட்டதாகக் கருதப்படுகிறது. 1696இல் வேல்ஸ் அறிஞர் எட்வர்ட் லூயிட் கல்வெட்டைப் பார்த்துப் படியெடுத்தார். அப்போதே பல இடங்களில் எழுத்து அழிந்திருந்தது. அவர் 31 வரிகளைத் தேற்றி எழுதிவைத்தார். இன்று கல்லில் பழைய எழுத்தைப் படிக்க முடியாது. மேலே சொன்ன கொடிவழியும் வெற்றிச் செய்தியும் அந்த ஒரு படியெடுப்பின் புண்ணியத்தால் கிடைத்தவை. ஓர் அரசகுலத்தின் குரலை முழுதும் அழியாமல் காத்த அவருடைய உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும்.

1779இல் அவ்வட்டார நிலக்கிழார் டிரெவர் லாயிட் உடைந்த தண்டை மீண்டும் மேட்டின்மீது நிறுத்தி, அச்செய்தியை லத்தீனில் தூணிலேயே பொறிக்கச் செய்தார். மேடு தூணைவிட மிகப் பழையது. 2010 முதல் 2012 வரை பாங்கர், செஸ்டர் பல்கலைக்கழகங்கள் நடத்திய அகழாய்வில், அது வெண்கலக் காலத் தொடக்கத்தில் குவித்த ஈமக் கற்குவை எனத் தெரியவந்தது. எரிந்த எலும்புகள் இட்ட கற்பதுக்கைகளும் வெளிப்பட்டன. முன்னோரின் புகழைச் சொல்லப் புறப்பட்ட கிங்கென், அதைவிடத் தொன்மையான ஈமமேட்டைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

தூண் வேல்ஸ் அரசின் தொல்சின்னப் பாதுகாப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளது. பார்க்கக் கட்டணம் இல்லை. லாங்கோலனிலிருந்து ஏ542 சாலையில் போனால் முதலில் வாலே குரூசிஸ் மடத்தின் இடிபாடுகளும், அங்கிருந்து சுமார் 400 மீட்டரில் தூணும் வரும். சாலையில் வண்டிகள் வேகமாக வரும். நடந்து போகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லூயிட் காத்துத்தந்த கல்வெட்டின் மொழிபெயர்ப்பை முன்னதாகவே படித்துவிட்டுப் போவது அவசியம். அது இல்லாமல் போகிறவர் கண்ணுக்கு மழையில் தேய்ந்த கல் மட்டுமே தெரியும்.