நாட்கணக்கும் வேலைக்கணக்கும்

பள்ளியிற் படித்த காலத்தில் நாம் எல்லோரும் செய்த கணக்கு ஒன்று உண்டு. பத்து ஆட்கள் ஒரு மதிலை ஆறு நாளிற் கட்டி முடிப்பர். இருபது ஆட்கள் அதனை எத்தனை நாளில் முடிப்பர்? மூன்று நாள் என்று விடை எழுதினோம். ஆசிரியரும் சரியெனக் குறியிட்டார். கணக்குச் சரிதான், ஆயின் மதில் அந்தக் கணக்கின்படி எழுவதில்லை. கீழ்வரிசைச் சாந்து இறுகுமுன் மேலே மிகையாக அடுக்கினால் சுவர் சாய்ந்துவிடும். சாந்து இறுகும் நேரத்தை ஆட்களைக் கூட்டிக் குறைத்தல் இயலாது.

ஒரு கருமம் முடியச் செல்லும் நாள் ஓர் அளவு. அதில் அடங்கிய உழைப்பு வேறோர் அளவு. கொன்கிறீற்றுத் தளமொன்றை ஒரே நாளில் ஊற்றிவிடலாம். அது உரிய வலுவை அடைந்ததோவென 28 நாட் சென்ற பின்னரே வழக்கமாகச் சோதித்தறிவர். அங்கே வேலை சிறிது, காலம் பெரிது. இவ்விரண்டையும் பிரித்து எழுதக் கற்றமை கடந்த நூறாண்டுத் தொழில் வரலாற்றிற் சுவையான ஓர் அத்தியாயமாகும். நேயர்களே, அதனையே இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

ஹென்றி லோரன்ஸ் கான்ட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1861ஆம் ஆண்டிற் பிறந்தவர். முதலாம் உலக மகாயுத்தக் காலத்தில், படைக்கலத் தொழிற்சாலைகளிலும் கப்பல் கட்டும் துறையிலும் வேலைகள் எவ்வளவு முன்னேறின என்பதை மேலதிகாரிகள் ஒரே பார்வையில் அறியும்படி அவர் வரைபடங்களை அமைத்தார். இன்று கான்ட் வரைபடம் என்று உலகெங்கும் வழங்குவது அவர் பெயராலேதான். அவர் 1919இல் மறைந்தார். அவருடன் பணியாற்றிய வாலஸ் கிளார்க் 1922இல் அம்முறையை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார்.

அவ்வரைபடத்தின் நுட்பம் யாது? தாளிலே ஒரு கட்டம் ஒரு நாளைக் குறிக்கும். அதே கட்டம் அந்நாளிற் செய்யவேண்டிய வேலையின் அளவையும் குறிக்கும். நூறு பொருள் செய்யவேண்டிய நாளில் எழுபத்தைந்தே செய்யப்பட்டதெனில், மெல்லிய கோடு கட்டத்தின் முக்காற் பங்குவரை மட்டும் செல்லும். தொடக்கத்திலிருந்து சேர்ந்த வேலையைத் தடித்த கோடு காட்டும். நாள் நகர்ந்துகொண்டேயிருக்க, கோடு பின்தங்கி நிற்பது கண்ணுக்குத் தெரியும். கோடு குறைந்த இடத்தில் அதன் காரணமும் ஓர் எழுத்தாற் குறிக்கப்பட்டது. தொழிலாளி வராமை, மூலப்பொருள் கிடையாமை, கருவி பழுதாதல், அறிவுறுத்தல் வந்து சேராமை என்பன அவற்றுட் சில. இது சிறிய காரியமன்று. வேலை முடியாத நாளுக்கெல்லாம் தொழிலாளியின் சோம்பலே காரணம் என்று கூறிவந்த முதலாளி, பொருளை உரிய வேளையில் அனுப்பாத தன் குறையையும் அந்தத் தாளிலே காணவேண்டியவரானார்.

காலப்போக்கில் வரைபடம் எளிமையாயிற்று. எளிமையானபோது அதன் உயிர்நாடி மறைந்தது. தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய இரண்டையும் இணைக்கும் வெறும் பட்டையாக அது மாறியது. பட்டையின் நீளம் நாளைக் காட்டும். அதனுள்ளே எவ்வளவு உழைப்பு என்பதைக் காட்டாது.

பின்னர் 1957ஆம் ஆண்டளவில் டுபோன்ட் நிறுவனத்து மோர்கன் வோக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்து ஜேம்ஸ் கெலியும், எந்த வேலை எதன்பின் வரவேண்டும் என்பதைக் கணினியாற் கணித்து, தாமதிக்கலாகாத வேலைத் தொடரைக் கண்டறியும் முறையை வகுத்தனர். 1958இல் அமெரிக்கக் கடற்படை, போலரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காகப் பேர்ட் என்னும் முறையை உருவாக்கியது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மதிப்பீடுகள் கேட்கப்பட்டன: எல்லாம் நன்றாய் நடந்தால் எவ்வளவு காலம், வழக்கமாய் எவ்வளவு, எல்லாம் கெட்டால் எவ்வளவு என்பன அவை. ஆயினும் முதலில் அம்முறை காலத்தை மட்டுமே கணித்தது. செலவையும் சேர்த்துக் கணிக்கும் வழிகாட்டி 1962இலேயே வெளிவந்தது.

அடுத்த பாடம் ஐ.பி.எம். நிறுவனத்திற் கிடைத்தது. அந்நிறுவனம் 1964 ஏப்ரல் 7ஆந் திகதி அறிவித்த சிஸ்டம் 360 கணினிகளுக்கான இயக்க மென்பொருளை ஆக்கும் பணியில், உச்சக்கட்டத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஈடுபட்டனர். அப்படியிருந்தும் அது தாமதித்தது. அதனை மேற்பார்வை செய்த பிரெடரிக் புரூக்ஸ், தாம் கற்றதை 1975இல் நூலாக எழுதினார். ஆளையும் மாதத்தையும் பெருக்கி ஆள்-மாதம் என்று ஓர் அலகு வைப்பது மயக்கம் தருவது என்றார். பின்தங்கிய மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் பின்தங்கும் என்பது அவர் கண்ட முடிவு. புதியவருக்குக் கற்பிக்கப் பழையவர் தம் வேலையை நிறுத்தவேண்டும். அன்றியும், மூவர் கூடினால் மூன்று தொடர்புகள். பதின்மர் கூடினால் நாற்பத்தைந்து. குழந்தை பிறக்கும் காலத்தைத் தாய்மாரின் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைக்கமுடியுமா என்ற உவமையையும் அவர் கையாண்டார்.

1984இல் முதன்முதல் வெளிவந்த மைக்ரோசொப்ட் புரொஜெக்ட் போன்ற மென்பொருள்கள் இவ்வளவுகளைத் தனித்தனி நிரல்களில் வைக்கின்றன. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைக்கும் ஒருவருக்கு நாற்பது மணி வேலை ஐந்து நாளில் முடியும். அவர் அரைநேரமே இவ்வேலைக்குக் கிடைப்பாரெனிற் பத்து நாளாகும். வேலையோ அதே நாற்பது மணிதான். பத்து நாட் கருமத்தில் ஐந்து நாள் கழிந்தால், காலம் ஐம்பது வீதம் சென்றது எனலாம். உழைப்பு இருபது வீதமே நடந்திருக்கவுங்கூடும். ஆகவே செய்து முடித்த மணிகளை வேறாகப் பதியவேண்டும். எனினும் இருவரை அமர்த்தினால் நாள் பாதியாகும் என்று இயந்திரம் தயங்காமல் விடை தரும். பள்ளிக்கூடத்து மதிற்கணக்கே அங்கும் வந்து நிற்கின்றது.

மூன்று நாள் வேலைக்குப் பத்து நாளா என்று ஒருவரைக் கடிந்துகொள்ளுமுன் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அந்தப் பத்து நாளில் வேலை எத்தனை மணி, காத்திருப்பு எத்தனை மணி, காத்திருக்கச் செய்தவர் யார்? கான்ட் தம் தாளில் இட்ட சிறு எழுத்துக்கள் இக்கேள்விக்கே விடை கூறின. இன்றைய கணினித் திரையில் அதற்கு இடம் உண்டு. அதனை நிரப்பும் நேர்மை நம்மிடமிருந்தே வரவேண்டும்.